இதய நூலும் வயிற்றுத்தசைப் பயிற்சி நூலும்: புதியவர்கள் சேர்த்துப் பயன்படுத்துவது எப்படி?

இதய நலம் பற்றித் தடிமனான நூல் ஒன்று, வயிறு, முதுகு, இடுப்புத் தசைகளை வலுவாக்கும் படம் போட்ட பயிற்சி நூல் ஒன்று. பல வீடுகளில் இந்த இரண்டும் தூசி படிந்துதான் கிடக்கின்றன. வாங்கியவரின் சோம்பல் என்று இதை நான் ஒதுக்கமாட்டேன். இரண்டையும் நாவல் போல முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கியதுதான் கோளாறு. இதய நூல் ஒரு பார்வை நூல், வேண்டியதைத் தேடிப் பார்ப்பதற்கு. பயிற்சி நூல் தரையில் விரித்து வைத்துச் செய்வதற்கு. ஒன்றை விட்டு ஒன்றை எடுப்பதும் சரிவராது. எத்தனை முறை குனிய வேண்டும் என்று சொல்லும் நூலுக்கு உங்கள் இரத்த அழுத்தம் தெரியாது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இது கூடுதலாகப் பயன்படும். தென்மேற்குப் பருவமழையும் நமக்கு உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனில் நின்ற நடைப்பயிற்சி ஐப்பசியில் மறுபடியும் நிற்கும். ஒரு பாய் விரிக்கும் இடத்தில் செய்யக்கூடியதைக் கற்று வைத்திருந்தால் மழையைக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

படி 1: வாங்காதீர்கள், இரவல் எடுங்கள்

நாகர்கோவிலில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்தில் இருப்பவர்கள் அருகிலுள்ள கிளை நூலகத்தில் கேட்கலாம். பயிற்சி நூலை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். பார்வை நூல்களைப் பெரும்பாலும் வெளியே தரமாட்டார்கள். அதனால் இழப்பு ஒன்றும் இல்லை. கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போய், பின்பக்கப் பொருளடைவில் சொல்லைத் தேடி, அந்தப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு வரலாம். பொருளடைவே இல்லாத மருத்துவ நூலை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

படி 2: பதிப்பு ஆண்டைப் பாருங்கள்

அட்டையைவிட அதற்குப் பின்னால் உள்ள பக்கம் முக்கியம். பழைய நூலைக் கண்டுபிடிக்க இரண்டு இடங்களைப் புரட்டினால் போதும். ஒன்று, சி.பி.ஆர்., அதாவது இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி. அப்படி விழுந்த, வயது வந்த ஒருவருக்கு மூச்சுப்பாதையைச் சரிசெய்து மூச்சு ஊதிய பிறகே நெஞ்சை அழுத்த வேண்டும் என்று இருந்தால், அது 2010-க்கு முந்திய முறை. அந்த ஆண்டு அமெரிக்க இதயச் சங்கம் நெஞ்சழுத்தத்தை முதலில் கொண்டுவந்தது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழம் என்பது இன்றைய அளவு. இரண்டாவது, இரத்த அழுத்தப் பக்கம். 140/90 என்பதே உயர் அழுத்தத்தின் எல்லை என்று பல நூல்கள் சொல்லும். 2017-இல் அமெரிக்க மருத்துவர்கள் அதை 130/80 என்று இறக்கினார்கள். எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை. ஆனால் இந்த மாற்றத்தைக் குறிப்பிடக்கூட இல்லாத நூல் பழையது.

படி 3: பாயை விரிக்குமுன் அழுத்தம் பாருங்கள்

வீட்டில் கருவி இருந்தால், காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். நாற்காலியில் முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் பதித்து, ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். கையை இதயத்தின் மட்டத்தில் மேசை மேல் வையுங்கள். பேசக் கூடாது. ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் முறையும் எடுத்து இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதய இரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்கள், நெஞ்சுவலி வந்தவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் நூலை மருத்துவரிடம் காட்டிக் கேட்டபின்தான் தொடங்க வேண்டும். பயிற்சியின்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை வந்தால் உடனே நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்கள். ‘வாயுவாக இருக்கும்’ என்று சோடா வாங்கக் கடைக்கு ஆள் அனுப்பும் வழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை.

படி 4: ஒரே ஒரு பயிற்சியிலிருந்து தொடங்குங்கள்

அட்டைப் படத்தில் ஆறு கட்டாகத் தெரியும் வயிற்றை மறந்துவிடுங்கள். இங்கே நமக்கு வேண்டியவை உள்ளே இருப்பவை: வயிற்றைச் சுற்றி ஓடும் குறுக்குத் தசை, முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகள், மேலே மூச்சுக்கு உதவும் உதரவிதானம், கீழே இடுப்புத் தளத் தசை. அடிமுறை என்னும் தற்காப்புக் கலை பழகியவர்களுக்கு, இடுப்பைத் தாழ்த்தி நிற்கும் நிலையிலேயே இவை வேலை செய்து பழகியிருக்கும். மற்றவர்கள் தனியாகப் பழக்க வேண்டும்.

ஆங்கில நூல்களில் ‘பேர்ட் டாக்’ என்றிருக்கும் பக்கத்தைத் திறவுங்கள். இரு கைகளையும் முழங்கால்களையும் பாயில் ஊன்றுங்கள். மணிக்கட்டு தோளுக்கு நேர்கீழே, முழங்கால் இடுப்புக்கு நேர்கீழே இருக்கட்டும். முழங்கால் உறுத்தினால் துவர்த்தை நான்காக மடித்து அடியில் வையுங்கள். இப்போது மெல்லிய புத்தகம் ஒன்றை இடுப்புக்குச் சற்று மேலே, முதுகின் மீது படுக்க வைக்க வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். வலக்கையை முன்னாலும் இடக்காலைப் பின்னாலும் மெதுவாக நீட்டுங்கள். புத்தகம் ஒரு பக்கமாகச் சரிந்தால் இடுப்பு திரும்புகிறது என்று பொருள். காலை அவ்வளவு உயர்த்த வேண்டாம், விரல் நுனி தரையைத் தொட்டபடி நீட்டினாலே போதும். பத்து விநாடிக்கு மேல் நிற்க வேண்டாம். இறக்கி, மறு கையும் மறு காலும். பக்கத்துக்கு ஐந்து முறை.

நீட்டும்போது மூச்சைப் பிடிக்கக் கூடாது. தசையை இறுக்கி மூச்சையும் அடக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். பயிற்சி நூல்கள் இதைச் சிறிய எழுத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகும். இதய நூலில் இது பெரிய சங்கதி. ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணுங்கள். எண்ணுகிறவர் மூச்சை அடக்க முடியாது. முன்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலை நேராகத் தாங்கி நிற்கும் ‘பிளாங்க்’ செய்யும்போதும் இதே விதிதான். அதை இரண்டு நிமிடம் தாக்குப்பிடிக்கும் போட்டியெல்லாம் இளைஞர்களுக்கு இருக்கட்டும்.

படி 5: வேகம்

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, வயது வந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைப்பயிற்சி. நூல்கள் 220-இலிருந்து வயதைக் கழித்து உச்ச நாடித்துடிப்பைக் கணக்கிடச் சொல்லும். அது தோராயக் கணக்கு. அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோபுரொலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அது பொருந்தவே பொருந்தாது. அந்த மருந்துகள் துடிப்பையே குறைத்துவிடும். நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. சொத்தவிளைக் கடற்கரையில் நடப்பவர்களுக்கும் இதே அளவுகோல்தான். மணலில் கால் புதைவதால் அங்கே மூச்சு சீக்கிரமே வாங்கும்.

படி 6: உணவுப் பக்கத்தை நம் அடுக்களைக்கு மாற்றுங்கள்

சால்மன் மீனைத் தேடி அலைய வேண்டாம். அதில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பு நம் சாளையிலும் அயிலையிலும் நிறைய இருக்கிறது. பொரிக்காமல் குழம்பு வைத்தால் நல்லது. தேங்காய் எண்ணெய் விஷயத்தில் நம் ஆட்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனாலும் அதில் பெரும்பகுதி நிறைகொழுப்புதான். விலக்க வேண்டாம், கரண்டியைச் சிறிதாக்குங்கள். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். மரச்சீனிக்குத் தொட்டுக்கொள்ளும் கருவாடு, ஊறுகாய், ஏத்தங்காய் சிப்ஸ் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

நூலைத் திருப்பித் தரும் நாள் வந்தால், செய்து பழகிய பயிற்சியின் பக்கத்தை மட்டும் நகல் எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டு, அதே நூலைப் புதுப்பித்து அடுத்த பயிற்சிக்குப் போங்கள். பத்து விநாடி எளிதாகிவிட்டால் நேரத்தைக் கூட்டாதீர்கள். ஐந்து முறையை ஆறாக்குங்கள்.