இரு விண்டோஸ் டொமைன்களுக்கு நடுவே ஒரு கணினி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கும்போது, இரண்டின் ஆக்டிவ் டைரக்டரி டொமைன்களும் (பயனர்களையும் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விண்டோஸ் அமைப்புகள்) சில காலம் தனித்தனியாகவே இயங்கும். அந்த இடைக்காலத்தில், இரண்டு நெட்வொர்க் கார்டுகள் பொருத்திய ஒரு சர்வரை நடுவில் வைத்துக் கோப்புகளைப் பகிர்வதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. தொழிலுக்குப் புதியவர்கள் அதை அமைக்கும்போது, எங்கள் தலைமுறை விழுந்த குழிகளிலேயே விழுவதைப் பார்க்கிறேன். கேபிளை மாற்றிச் செருகுவது போன்றவை தாமாகவே தெரிந்துவிடும் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

இரண்டு டொமைன்களிலும் சேர்க்க முயல்வது

முடியாது. ஒரு விண்டோஸ் கணினி ஒரு நேரத்தில் ஒரு டொமைனில் மட்டுமே உறுப்பினராக இருக்கும்.

இரண்டு டிஃபால்ட் கேட்வே

ஒரு கார்டுக்கு மட்டும் கேட்வே (வெளி நெட்வொர்க்குகளுக்குப் போகும் வாசல்) கொடுத்து, மற்ற பக்கத்திலுள்ள சப்நெட்டுகளுக்கு (நெட்வொர்க்கின் உட்பிரிவுகளுக்கு) நிலையான ரூட், அதாவது கையால் எழுதிய பாதை, எழுத வேண்டும். இரண்டுக்கும் கொடுத்தால், விண்டோஸ் மெட்ரிக் (பாதையின் முன்னுரிமை எண்) குறைந்த கேட்வேயையே தேர்ந்தெடுத்து, பாதிப் போக்குவரத்தைத் தவறான வாசலுக்கு அனுப்பிவிடும்.

மாற்று டிஎன்எஸ் இடத்தில் அடுத்த டொமைனின் முகவரி

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். டிஎன்எஸ் என்பது கணினிப் பெயர்களுக்கு ஐபி முகவரி சொல்லும் சேவை. முதன்மை டிஎன்எஸ்ஸாகத் தன் டொமைனின் சர்வரையும், மாற்று டிஎன்எஸ்ஸாக எதிர் டொமைனின் சர்வரையும் எழுதிவிட்டு, "முதலாவதற்குத் தெரியாவிட்டால் இரண்டாவதைக் கேட்டுக்கொள்ளும்" என்று நம்புகிறார்கள். விண்டோஸ் அப்படிக் கேட்பதில்லை. "அந்தப் பெயர் இல்லை" என்பதும் அதற்கு ஒரு முழுமையான பதில்தான். முதல் சர்வர் பதிலே தராதபோதுதான் அது அதே பட்டியலிலுள்ள அடுத்த சர்வரிடம் போகும்.

இப்படி அமைத்திருந்த ஓர் அலுவலகத்தில், முதன்மை டிஎன்எஸ் சர்வரைப் புதுப்பிப்புக்காக மறுதொடக்கம் செய்தார்கள். பகிர்வுக் கணினி உடனே இரண்டாவது சர்வரிடம் தாவி, தன் சொந்த டொமைன் கண்ட்ரோலர் (உள்நுழைவுகளைச் சரிபார்க்கும் சர்வர்) எங்கே என்று அதனிடம் கேட்க, அது அப்படி ஒரு டொமைனே இல்லை என்று சொல்லிவிட்டது. பயனர்கள் கடவுச்சொல் தவறோ என்று குழம்பினார்கள். சற்றுப் பொறுத்திருந்தால் கணினி முதன்மை சர்வருக்கே திரும்பியிருக்கும். ஆனால் அங்கிருந்த இளைஞர், டொமைனோடு உள்ள உறவு முறிந்துவிட்டது என்று எண்ணி, கணினியை டொமைனிலிருந்து விலக்கி மறுதொடக்கமும் செய்துவிட்டார். டொமைனிலிருந்து விலகிய கணினியில் உள்ளூர்க் கணக்கால்தான் நுழைய முடியும்; அதன் பிறகுதான் உள்ளூர் நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் ஒருவருக்கும் தெரியாது என்பது வெளிப்பட்டது. பழுதே இல்லாத ஒரு சர்வர் பூட்டிய பெட்டியாகிவிட்டது.

கணினியின் பட்டியலில் அதன் சொந்த டொமைனின் டிஎன்எஸ் சர்வர்கள் மட்டுமே இருக்க வேண்டும். எதிர் டொமைனின் பெயர்களுக்கு, அந்த டிஎன்எஸ் சர்வர்களில் கண்டிஷனல் ஃபார்வர்டர் (குறிப்பிட்ட டொமைனின் கேள்விகளை மட்டும் அதன் சர்வருக்கு அனுப்பும் விதி) அமைக்க வேண்டும். இரு டிஎன்எஸ் சர்வர்களுக்கும் இடையே டிஎன்எஸ் பயன்படுத்தும் 53ஆம் போர்ட்டைத் திறக்க அனுமதி கிடைக்காவிட்டால், பகிர்வுக் கணினியிலேயே பெயர்த் தீர்வுக் கொள்கை அட்டவணையில் (NRPT; எந்தப் பெயரை எந்த டிஎன்எஸ் சர்வரிடம் கேட்பது என்று சொல்லும் அட்டவணை) எதிர் டொமைனுக்கு மட்டும் தனி விதி எழுதலாம். விண்டோஸ் 7 காலத்திலிருந்தே இந்த அட்டவணை உண்டு. ஏனோ யாரும் அதைத் தொடுவதில்லை.

டொமைன் கண்ட்ரோலரையே நடுவில் வைப்பது

கூடவே கூடாது. அது தன் இரு முகவரிகளையும் டிஎன்எஸ்ஸில் பதிந்துவிடும்; பயனர்களின் கணினிகள் எட்ட முடியாத முகவரியைத் தட்டிக்கொண்டிருக்கும்.

ஐபி ரூட்டிங்கை இயக்குவது

ஒரு கார்டில் வரும் போக்குவரத்தை மற்ற கார்டுக்குக் கடத்தும் வசதி இது; விண்டோஸில் இயல்பாக அணைந்தே இருக்கும். "பிங் போகவில்லை" என்பதற்காக அதை இயக்கினால், இரு பக்க ஃபயர்வால்களையும் சுற்றிக்கொண்டு போகும் பாதையை நீங்களே திறந்துவிடுகிறீர்கள்.

டொமைன் நிர்வாகியாக அதில் உள்நுழைவது

இரு பக்கத்தாரும் தொடும் கணினியில் இரு டொமைன்களின் நிர்வாகிகளும் உள்நுழைந்தால், அதைக் கைப்பற்றியவருக்கு நினைவகத்திலிருந்தே இரண்டு டொமைன்களின் சாவிகளும் கிடைத்துவிடும். பராமரிப்புக்கு அந்த ஒரு கணினியில் மட்டும் உரிமையுள்ள கணக்கை உருவாக்கி, டொமைன் நிர்வாகிகள் அதில் உள்நுழைவதைக் குரூப் பாலிசி (டொமைனின் மைய விதிகள்) வழியாகத் தடுத்துவிடுங்கள்.