வெளிநாட்டு நிருபரோடு மதுரையைச் சுற்றுவது எப்படி

பொங்கலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது டெல்லியிலிருந்து போன் வரும். பேசுகிறவர் ஏதோ லண்டன் பத்திரிகைக்கோ ஜெர்மன் டிவிக்கோ நிருபர். டெல்லியில் வீடு, ஆனால் நேபாளம், வங்கதேசம், இலங்கை எல்லாமே அவர் கணக்கில்தான் இருக்கும். போன வாரம் காத்மாண்டில் இருந்தவர் இந்த வாரம் ஜல்லிக்கட்டுக்காக அலங்காநல்லூருக்கு வருகிறார் என்றால் நம் ஊரைப் பற்றிப் படிக்க அவருக்கு விமானத்தில் வருகிற நேரம்தான் கிடைத்திருக்கும். மீதியெல்லாம் உங்கள் தலையில். இந்த வேலைக்கு ஃபிக்ஸர் என்று பெயர். மொழிபெயர்ப்பு, ஆள் பிடிப்பது, கார், பாஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்துத்தான்.

முதலில் பணத்தைப் பேசிவிடுங்கள். நாளுக்கு எவ்வளவு, கார் தனி, டிரைவர் பேட்டா தனி என்று மெயிலில் எழுதி, சரி என்று பதில் வந்த பிறகு வேலையை ஆரம்பியுங்கள். முதல் தடவை நான் வெட்கப்பட்டுக்கொண்டு "பார்த்துப் போட்டுக் கொடுங்க" என்றேன். நாலு மாதம் கழித்து வந்தது, பாங்க் கமிஷன் போக.

அப்புறம் விசா. செய்தி சேகரிக்க ஜர்னலிஸ்ட் விசா வேண்டும். டூரிஸ்ட் விசாவில் வந்து கேமராவைத் தூக்கிப் பிரச்சினையானால் அவர் விமானம் ஏறிவிடுவார், ஸ்டேஷனில் உட்காருவது நீங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். ஜல்லிக்கட்டு பாஸுக்குக் கலெக்டர் ஆபீஸில் மக்கள் தொடர்பு அலுவலரை (பி.ஆர்.ஓ.) முன்கூட்டியே பாருங்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போன்கூடக் கொண்டுபோக முடியாது என்பதையும் சொல்லிவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வாசலில் வாக்குவாதம்தான்.

அவர் கிளம்பும் முன்பே ஒரு பக்கக் குறிப்பு அனுப்புங்கள். 2014 மே மாதம் ஜல்லிக்கட்டுக்கு உச்ச நீதிமன்றத் தடை, அதை எதிர்த்து 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் மதுரை தமுக்கம் மைதானத்திலும் கூடிய கூட்டம், அதையடுத்து வந்த சட்டத்திருத்தம், அது செல்லும் என்று 2023 மே மாதம் வந்த தீர்ப்பு. தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். முக்கியமாக, இது ஸ்பெயின் மாதிரி மாட்டைக் கொல்கிற விளையாட்டு இல்லை, திமிலைப் பிடித்துத் தொங்குவதுதான் என்று எழுதுங்கள். அப்படி எழுதியும் 'புல்ஃபைட்' என்று தலைப்பு வரும். தலைப்பு வைப்பது ஆபீஸில் உட்கார்ந்து செய்தியைத் திருத்துகிற டெஸ்க், நிருபர் இல்லை. அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

நேரக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஜனவரியில் நமக்கு மாலை 5 மணி என்றால் லண்டனில் காலை 11:30, நியூயார்க்கில் காலை 6:30. வாடிவாசலில் கடைசி மாடு வெளியே வந்து நீங்கள் டீ தேடும்போதுதான் அங்கே ஆபீஸ் சூடுபிடிக்கும், ராத்திரி பத்து மணிக்கு "அந்தப் பெரியவருக்கு என்ன வயது?" என்று போன் வரும். வயது, ஊர், பெயரின் எழுத்துக்கூட்டு எல்லாவற்றையும் அங்கேயே கேட்டுக் குறித்துவையுங்கள்.

இனி மொழிபெயர்ப்பு, கஷ்டமே இதில்தான். பாலமேடு பக்கம் காளை வளர்க்கிற ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தோம். மாட்டுக்குப் பருத்திக்கொட்டைத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "காளைக்குச் சாராயம் கொடுப்பாரா என்று கேளுங்கள்" என்றார் நிருபர். அதை அப்படியே கேட்டிருந்தால் அடுத்த நிமிடம் தெருவில் நின்றிருப்போம். "அய்யா, வெளியில இப்படி ஒரு பேச்சு இருக்கே, நீங்க என்ன சொல்றீங்க?" என்றேன். வாளியைக் கீழே வைத்தார். "எம்புள்ளைக்கு ஊத்திக் குடுப்பேனாய்யா?" கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "குடுக்கிறவனும் இருக்கான்" என்றார்.

அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் விழுங்கியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. விழுங்கக் கூடாது. ஆனால் சொல்லும் முன் அவரிடமே கேட்டேன். "எழுதிக்கட்டும், எம்பேரு வேணாம்" என்றார். அதையும் சேர்த்து ஆங்கிலத்தில் சொன்னேன், நிருபரும் பேர் போடவில்லை. நிருபர் மறுநாள் போய்விடுவார், பக்கத்து வீட்டுக்காரன் முகத்தில் தினமும் விழிக்க வேண்டியது அந்தப் பெரியவர்.

நம் ஊரில் "பார்ப்போம்" என்றால் பெரும்பாலும் வர மாட்டேன் என்று அர்த்தம், அதையும் விளக்கிவிடுங்கள். கிராமத்தில் எந்தத் தெருவில் முதலில் காரை நிறுத்துகிறீர்கள், யார் வீட்டில் முதலில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறீர்கள் என்பதை ஊரே பார்க்கும். ஒரே தெருவில் பேசிவிட்டுத் திரும்பினால் ஒரு தரப்புச் செய்திதான் போகும், காலனிக்கும் போக வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு நடுவில் நின்று "நீங்கள் என்ன சாதி?" என்று கேட்க மட்டும் விடாதீர்கள்.

செய்தியில் உங்கள் பெயர் வராமலும் போகலாம், வர வேண்டுமென்றால் அதையும் முதல் மெயிலிலேயே எழுதுங்கள். ஊரில் யாரும் அந்தப் பத்திரிகையைப் படிக்கப்போவதில்லை, ஆனால் "மாட்டு போட்டோ வந்திருச்சா?" என்று போன் வந்துகொண்டே இருக்கும். போட்டோகிராபர் கிளம்பும் முன் கேட்டு வாங்கி, பிரிண்ட் போட்டு, லேமினேட் பண்ணிக் கொண்டுபோய்க் கொடுங்கள். காளை தனியாக நிற்கிற படமாக இருக்கட்டும்.