வேதக் கேள்விகளுக்கு விடை தேடும் கூட்டம்: எப்படி நடத்துவது

மட்டக்களப்பில் ஒரே ஒழுங்கைக்குள் மெதடிஸ்தரும் (புரட்டஸ்தாந்து சபையார்) கத்தோலிக்கரும் சைவர்களும் இருப்பார்கள். வேதாகமக் கேள்விகளுக்கென்று ஒரு வீட்டில் கூடினால் மூன்று பகுதியும் வரும். எட்டுப் பத்துப் பேர், ஒன்றேகால் மணித்தியாலம், கேள்வி மூன்றுக்கு மேல் வேண்டாம். பிளேன்டீ முதலிலேயே முடியட்டும். நடுவில் வந்தால் கதை தேர்தலுக்குப் போய்விடும்.

மேசையில் இரண்டு வேதாகமம் இருக்க வேண்டும்: புரட்டஸ்தாந்தர் வாசிக்கும் பழைய திருப்புதல், கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியம். ஒன்றில் ஆதியாகமம், மற்றதில் தொடக்கநூல். ஒன்றில் அப்போஸ்தலர் நடபடிகள், மற்றதில் திருத்தூதர் பணிகள். புரட்டஸ்தாந்து வேதாகமத்தில் 66 நூல்கள், கத்தோலிக்க வேதாகமத்தில் 73. தோபித்து, யூதித்து, மக்கபேயர் போன்ற ஏழு நூல்கள்தான் வித்தியாசம். புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் இரண்டிலும் ஒன்றே. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கேள்விகளைப் பெயரில்லாமல் துண்டில் எழுதி வாங்குங்கள். வாய்விட்டுக் கேட்கச் சொன்னால் கூச்சப்படுகிறவர் கேட்கவே மாட்டார், வாதாட வந்தவர் மட்டும் கேட்பார். வாங்கியதைப் பதில் தேடுமுன் தரம் பிரிக்க வேண்டும். பல கூட்டங்கள் குழம்புவது இந்த இடத்தில்தான்.

சில கேள்விகள் வெறும் எண் பிரச்சினை. "பத்துக் கட்டளைகளில் ஆறாவது எது?" என்றால் மெதடிஸ்தர் கொலை செய்யாதே என்பார், கத்தோலிக்கர் விபசாரம் செய்யாதே என்பார். யாத்திராகமம் 20ஐத் திறந்தால் இருவருக்கும் அதே வசனங்கள்தான். பிரித்து எண்ணும் முறைதான் வேறு. இரண்டு நிமிடத்தில் முடிகிற விடயம்.

சில, வசனத்தைத் தனியாகப் பிடுங்கியதால் வருபவை. மூல நூல்களில் அதிகாரமும் வசன எண்ணும் கிடையாது. அதிகாரங்கள் 13ஆம் நூற்றாண்டில் வந்தன, புதிய ஏற்பாட்டில் இன்றுள்ள வசன எண்கள் 1551இல் வந்தன. எனவே எந்த வசனத்துக்கும் முன்னே பத்து, பின்னே பத்து வசனம் சத்தமாக வாசிப்பது கட்டாயம். "எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு" என்கிற பிலிப்பியர் 4:13ஐப் பரீட்சை வெற்றிக்கு வாக்குறுதியாக எடுப்பவர், 11ஆம் வசனத்திலிருந்து தொடங்கினால் பவுல் பசியையும் குறைவையும் தாங்குவதைப் பற்றி எழுதுகிறார் என்று கண்டுகொள்வார்.

சில கேள்விகளில் சபைகளே பிரிந்து நிற்கின்றன. மாற்கு 6:3 இயேசுவின் சகோதரர் நால்வரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மரியாளுக்குப் பிறந்த பிள்ளைகள் என்று புரட்டஸ்தாந்தர் பலர் வாசிப்பார்கள். நெருங்கிய உறவினர் என்பது கத்தோலிக்க விளக்கம். சித்தப்பாவின் மகனையும் தம்பி என்கிற நமக்கு அந்த விளக்கம் புரியாததல்ல. இரண்டையும் அவரவர் வாயால் சொல்ல விடுங்கள். தீர்ப்பு நடத்துனர் வேலையல்ல.

ஆகக் கடினமானது காயத்திலிருந்து வரும் கேள்வி. "சுனாமியில ஏன் பிள்ளையள எடுத்தவர்?" 2004ஐயும் 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பையும் கண்ட ஊரில் இது எந்தத் துண்டிலும் வரலாம். "பாவத்துக்குத் தண்டனை" என்று யாராவது தொடங்கினால் உடனே லூக்கா 13:1-5ஐ வாசியுங்கள். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்கிறார் இயேசு. மனந்திரும்புங்கள் என்ற அடுத்த வார்த்தை அங்கே உயிரோடு நின்று கேட்டவர்களுக்கு. இறந்தவர் மேல் போடுவதற்கல்ல. பிறகு, பிறவிக் குருடன் யார் பாவத்தாலும் அப்படிப் பிறக்கவில்லை என்று இயேசு சொல்லும் யோவான் 9:1-3. இதற்கு மேல் விளக்கம் கூட்ட வேண்டாம். எல்லாவற்றையும் இழந்த யோபுவுக்கு ஆறுதல் சொல்ல வந்த சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்த வரை சரியாகத்தான் இருந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் பிழையாகிப் போனது. அன்றைக்கு மற்றத் துண்டுகளை அடுத்த கிழமைக்கு வைத்துவிட்டு, 88ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசியுங்கள். அது இருளில்தான் முடிகிறது. அதைத் திருத்தப் போகாதீர்கள்.