காட்சி உண்மைதான், தலைப்புதான் பொய்: போர்க் காணொளிகளை எடைபோடுவதில் நாம் செய்யும் தவறுகள்

1999 ஏப்ரல் 12 அன்று செர்பியாவின் தெற்குப் பகுதியில், கிர்தெலிட்சா பள்ளத்தாக்கில் இருந்த ஒரு ரயில் பாலத்தை நேட்டோ போர் விமானம் தாக்கியது. அந்த நேரம் பார்த்துப் பயணிகள் ரயில் ஒன்று பாலத்தில் ஏறியிருந்தது. குறைந்தது 14 பேர் இறந்தார்கள். நேட்டோ தளபதி வெஸ்லி கிளார்க் செய்தியாளர்களைக் கூட்டி, தாக்குதலின்போது பதிவான காட்சியைத் திரையிட்டுக் காட்டினார். பாலம் நெருங்குகிறது, கடைசி நொடியில் ரயில் திரைக்குள் பாய்ந்து வருகிறது. விமானிக்கு ஒரு நொடிகூடக் கிடைக்கவில்லை என்பது அவர் விளக்கம். அந்த அறையில் நான் இருந்திருந்தால் தலையாட்டியிருப்பேன்.

2000 ஜனவரியில் ஜெர்மன் நாளிதழ் ஒன்று விஷயத்தை உடைத்தது. அந்தக் காட்சி நிஜ வேகத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டப்பட்டிருந்தது. தொழில்நுட்பக் கோளாறு என்றது நேட்டோ.

இந்தக் காணொளியில் பாலம் அசல், ரயில் அசல், வெடிப்பும் அசல். ‘இது அசலா, போலியா?’ என்று மட்டும் கேட்பவரிடம் இது எளிதாகத் தேறிவிடும். பொய் இருந்தது, விமானிக்கு நேரமே இல்லை என்ற வாதத்தில். போர்க் காணொளிகளைப் பற்றிய பெரும்பாலான குழப்பங்கள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. சான்றா, பிரசாரமா என்று இரண்டு கூடைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு காணொளியையும் ஏதாவது ஒன்றில் போடப் பார்க்கிறோம். ஒரே காணொளி இரண்டாகவும் இருக்கலாம். சோதிக்க வேண்டியது, அதைக் காட்டுபவர் அதன்மேல் ஏற்றிச் சொல்லும் கூற்றுகளை, அதுவும் ஒவ்வொன்றாக.

எடுத்தது யார் என்று பார்த்தே தீர்ப்பெழுதுவது

‘இது அவர்கள் வெளியிட்டது, எனவே பொய்’ என்பதுதான் அதிகம் காதில் விழும் வாதம். பிரசாரத்துக்காக எடுக்கப்பட்டதாலேயே ஒரு காட்சி பொய்யாகிவிடாது. லிபியாவின் பெங்காசிப் பகுதியில் பிடிபட்டவர்களைச் சுட்டுக்கொல்லும் காணொளிகள் 2016, 2017-இல் சமூக ஊடகங்களில் சுற்றின. ஒளிந்திருந்து யாரோ எடுத்தவை அல்ல. கேமராவுக்கு முன்னால், கேமரா இருப்பதை அறிந்தே செய்யப்பட்டவை. எதிரிக்கு அச்சமூட்டவும் தம் ஆட்களை உசுப்பவும் பயன்பட்டவை. பிரசாரத்துக்கு இதைவிடப் பச்சையான உதாரணம் கிடைக்காது. 2017 ஆகஸ்ட் 15 அன்று சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் மஹ்மூத் அல்-வெர்ஃபல்லி என்ற தளபதிக்குப் பிடியாணை பிறப்பித்தபோது, பெருமளவு அதே வகைக் காணொளிகளைத்தான் ஆதாரமாகக் கொண்டது. ஏழு சம்பவங்கள், 33 பேர் கொல்லப்பட்டதாகக் குற்றச்சாட்டு. அவர் 2021-இல் கொல்லப்பட்டார். வழக்கு விசாரணைக்கே வரவில்லை. ஆனால் பெருமை பேச எடுத்த படம் எடுத்தவருக்கே வினையாக முடியலாம் என்பது அன்று பதிவாகிவிட்டது.

இதன் மறுபக்கமும் உண்டு. பாதிக்கப்பட்ட தரப்பு அனுப்பியது என்பதற்காகச் சோதிக்காமல் ஏற்பதும் அதே தவறுதான். நம் மனம் யார் பக்கம் சாய்கிறதோ அவர்களுடைய காணொளியைத்தான் கூடுதலாகக் கிளற வேண்டும். சொல்வது எளிது. நானே ஒருமுறை ஒரு காணொளியில் தெரிந்த கோபுரத்தை வரைபடத்தில் தேடி ஒரு மாலைப்பொழுதை முழுதாக வீணடித்திருக்கிறேன். காட்சி இடவலமாகத் திருப்பப்பட்டிருக்கிறது என்பது, கடைப் பலகையின் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இருப்பதைக் கவனித்த பிறகுதான் உறைத்தது. அவ்வளவு நேரம் அதைக் கவனிக்காததற்கு ஒரே காரணம், அது உண்மையாக இருக்க வேண்டும் என்று நான் விரும்பியதுதான்.

பெரிய பெயரை நம்பிவிடுவது

2017 நவம்பரில் ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம், அமெரிக்கா ஐஎஸ் அமைப்புக்குத் துணைபோவதற்கு மறுக்க முடியாத ஆதாரம் என்று சில படங்களை வெளியிட்டது. அவற்றில் ஒன்று கைபேசியில் விளையாடும் ஒரு கணினி விளையாட்டின் காட்சி. 2019 அக்டோபரில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி, சிரியாவில் துருக்கி நடத்தும் தாக்குதல் என்று ஒளிபரப்பிய காட்சி கென்டக்கி மாநிலத்தில் உள்ள துப்பாக்கி சுடும் மைதானத்தில் எடுக்கப்பட்டது, மன்னிப்புக் கேட்டார்கள். 2022-இல் ‘கீவ் நகரின் ஆவி’ என்ற விமானியின் சாகசமாக உலகம் சுற்றிய காணொளியும் விளையாட்டுதான். அந்த விமானியே ஒரு வீரக்கதைதான் என்று உக்ரைன் விமானப்படை பின்னர் ஒப்புக்கொண்டது.

ஆர்மா 3 என்ற விளையாட்டின் காட்சிகள் திரும்பத் திரும்பப் போர்ச் செய்தியாகப் போனதால், அதைத் தயாரித்த பொஹீமியா இன்டராக்டிவ் நிறுவனமே 2022 நவம்பரில் அடையாளம் காணும் வழிகளை வெளியிட்டது. மங்கலான படம், நடுங்கும் கேமரா, பெரும்பாலும் இரவு, பெரும்பாலும் ஒலி இல்லை, நடமாடும் மனிதர்களே கண்ணில் படுவதில்லை, புகையும் தீப்பொறியும் இயற்கைக்கு மாறாக இருக்கும். விளையாட்டு மிகத் தெளிவாக இருந்தால் விளையாட்டு என்று தெரிந்துவிடும். எனவே வேண்டுமென்றே தரத்தைக் கெடுக்கிறார்கள். தரம் குறைந்த படம் என்றால் களத்திலிருந்து அவசரமாக வந்தது என்று நாம் நினைக்கும் பழக்கத்தை அவர்கள் நன்றாகப் படித்து வைத்திருக்கிறார்கள்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றியே எல்லோரும் பதறுகிறார்கள். அது வரத்தான் செய்கிறது. ஆனாலும் பழைய போரின் படத்துக்குப் புதிய தேதி போடுவது இன்றும் ஓயாமல் நடக்கும் ஏமாற்று. அதற்கு எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை. காணொளியின் சில காட்சிகளைத் தனிப் படங்களாக எடுத்துப் படத்தேடலில் போட்டால் பாதி வேலை முடிந்துவிடும். தேடலில் எதுவும் சிக்கவில்லை என்பது மட்டும் புதிய காட்சி என்பதற்கு ஆதாரமாகாது.

ஒரு சின்ன உறுத்தலை வைத்து ‘போலி’ என்று முடிவுகட்டுவது

எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். ஏமாறக்கூடாது என்ற எச்சரிக்கை முற்றிப்போய், எதையும் நம்பாத இறுமாப்பாக மாறும் இடம் இது.

2022 ஏப்ரல் தொடக்கத்தில், உக்ரைனின் புச்சா நகரில் ஓடும் காரிலிருந்து எடுத்த ஒரு காணொளி வெளியானது. தெருவோரம் சடலங்கள். ‘பாருங்கள், பிணம் கையை அசைக்கிறது, பக்கக் கண்ணாடியில் இன்னொரு பிணம் எழுந்து உட்கார்கிறது’ என்று வட்டம் போட்டுப் பரப்பினார்கள். தெளிவான பிரதியை மெதுவாக ஓட்டினால், கை அசைந்ததாகத் தெரிந்தது காரின் முன்கண்ணாடியில் இருந்த நீர்த்துளி. பிணம் ‘எழுந்தது’ பக்கக் கண்ணாடியின் வளைவு காட்சியை நெளித்ததால். அந்தக் கண்ணாடியில் தெரியும் கட்டடங்களும் கூடவே நெளிகின்றன. தங்கள் படை மார்ச் 30-க்குள் வெளியேறிவிட்டது, பிணங்கள் பிறகு வைக்கப்பட்டவை என்றது ரஷ்யா. மேக்ஸார் நிறுவனத்தின் செயற்கைக்கோள் படங்களிலோ மார்ச் மூன்றாம் வாரத்திலேயே அதே தெருவில் அதே இடங்களில் உடல்களைப் போன்ற உருவங்கள் தெரிந்தன.

உறுத்தலை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு நான் அடிக்கடி திரும்பிப் போகும் எடுத்துக்காட்டு இன்னொன்று. கைகள் கட்டப்பட்டு, ஆடையின்றி இருக்கும் ஆண்கள் சுட்டுக்கொல்லப்படும் கைபேசிக் காணொளியை 2009 ஆகஸ்டில் சேனல் 4 ஒளிபரப்பியது. இலங்கையில் எடுக்கப்பட்டது என்று சொல்லப்பட்டது. போலி என்றது இலங்கை அரசு. ஐநாவின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் மூன்று வல்லுநர்களிடம் அதைக் கொடுத்தார்: துப்பாக்கிகளை அறிந்தவர், தடயவியல் மருத்துவர், காணொளியை ஆராய்பவர். சுடும்போது துப்பாக்கி பின்னுதைக்கும் விதமும் வாயு வெளியேறுவதும் நிஜத் தோட்டாவோடு பொருந்துகின்றன. காட்சியில் வெட்டு, ஒட்டு, மேலடுக்கு எதுவும் இல்லை. 2010 ஜனவரியில் அந்த முடிவுகளை வெளியிட்ட ஆல்ஸ்டன், விளக்க முடியாமல் எஞ்சியவற்றையும் கூடவே எழுதினார்: சிலரின் உடலசைவு, கோப்பில் பதிந்திருந்த 2009 ஜூலை 17 என்ற தேதி, இறுதியில் வரும் சில காட்சிச் சட்டங்கள் (ஃப்ரேம்கள்). எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்டுத்தான் காணொளி உண்மையானது என்ற முடிவுக்கு வந்தார். அதன் நீண்ட வடிவத்தைப் பார்த்த அடுத்த அறிக்கையாளர் கிறிஸ்டோஃப் ஹெய்ன்ஸும் 2011-இல் அதே முடிவைச் சொன்னார்.

எதுவும் உறுத்தாத காணொளி அரிது. உறுத்துவதை மறைக்கும் ஆய்வும் நம்பத்தகாதது, உறுத்தும் ஒன்றை மட்டுமே பிடித்துத் தொங்கும் ஆய்வும் நம்பத்தகாதது. இன்னொன்றையும் கவனியுங்கள். காட்சி போலியல்ல என்பது ஒரு முடிவு. துப்பாக்கியைப் பிடித்திருந்தவர் யார், உத்தரவிட்டவர் யார் என்பவை வேறு கேள்விகள். அவற்றுக்காகத்தான் ஆல்ஸ்டன் சுதந்திரமான விசாரணையைக் கோரினார்.

முகங்களையே பார்த்துக்கொண்டிருப்பது

கண் இயல்பாக மனிதர்கள் மேல்தான் போகும். சரிபார்ப்பவர்கள் பின்னணியைப் பார்க்கிறார்கள். 2018 ஜூலையில், ஆப்பிரிக்க நாடான கேமரூனின் படையினர் இரண்டு பெண்களையும் இரண்டு குழந்தைகளையும் ஒரு மண்பாதையில் நடத்திச் சென்று சுட்டுக்கொல்லும் காணொளி பரவியது. பொய்ச்செய்தி என்றது கேமரூன் அரசு. பிபிசி குழு, தன்னார்வ ஆய்வாளர்களோடும் அம்னெஸ்டி மனித உரிமை அமைப்போடும் சேர்ந்து, காணொளியின் முதல் சில நொடிகளில் பின்னால் தெரிந்த மலைமுகட்டின் கோட்டை எடுத்துக்கொண்டது. அந்த ஏற்ற இறக்கம் வட கேமரூனில் ஸெலவெட் என்ற ஊருக்கு அருகே பொருந்தியது. இடம் கிடைத்தபின் காலம். செயற்கைக்கோள் படங்களில் ஒரு கட்டடம் எப்போது எழுந்தது, எப்போது இடிந்தது என்று பார்த்து ஆண்டுகளைக் குறுக்கினார்கள். அந்த ஒற்றையடிப் பாதை வறண்ட மாதங்களில்தான் கண்ணுக்குத் தெரியும். கடைசியாக, நடக்கும் வீரர்களின் நிழல். சூரியக் கடிகாரத்தின் முள் போல அதன் நீளமும் திசையும் 2015 மார்ச் 20-க்கும் ஏப்ரல் 5-க்கும் இடையே என்று சொல்லின. 2020-இல் வீரர்கள் சிலருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

காதையும் பயன்படுத்துங்கள். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். மின்னலைப் பார்த்து இடிக்கு எண்ணுவோமே, அதே கணக்கு. தொலைவில், மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வெடிப்பது போலத் தெரியும் காட்சியில் ஒளியும் ஓசையும் ஒரே கணத்தில் வந்தால், ஓசை பிறகு ஒட்டப்பட்டது. அப்போதும் பொய்யானது ஓசை மட்டுமே. காட்சியைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

தவறிய குண்டுகளை மறந்துவிடுவது

1991 வளைகுடாப் போரைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு நினைவிருப்பது, குறுக்குக்கோட்டின் நடுவே ஒரு கட்டடம், அதற்குள் நேராக நுழையும் குண்டு. அன்று போடப்பட்ட குண்டுகளில் வழிகாட்டப்பட்டவை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்றவை எங்கே விழுந்தன என்பதற்குக் காட்சி இல்லை. அல்லது, இருந்ததை யாரும் திரையிடவில்லை.

இன்றைய ட்ரோன் காணொளிகள் இதன் பேரப்பிள்ளைகள். இசை சேர்த்து, படைப்பிரிவின் சின்னம் பொறித்து, இலக்கைத் தொட்டவற்றை மட்டும் கோத்து வருகின்றன. நூறு வெற்றிக் காட்சிகளைப் பார்த்தவர் அந்த ஆயுதம் தவறுவதே இல்லை என்று நம்பிவிடுகிறார். ஒவ்வொன்றும் உண்மை, சேர்த்துப் பார்த்தால் பொய். காட்சி எந்த நொடியில் வெட்டப்படுகிறது என்று பாருங்கள். மோதும் கணத்திலேயே திரை கறுத்துவிட்டால், தெரிந்தது மோதல் மட்டும்தான், அழிவு அல்ல. இலக்கு மரத்தாலோ ரப்பராலோ ஆன ஏமாற்றுப் பொம்மையாகவும் இருக்கலாம். ஒரே தாக்குதல் மூன்று கோணங்களில் வந்து மூன்றாக எண்ணப்படுவதும் வழக்கம். உக்ரைன் போரில் இரு தரப்பின் கவச வாகன இழப்புகளைப் படங்களைக் கொண்டு எண்ணிய ஓரிக்ஸ் குழு, தன் எண்ணிக்கை படத்தில் அகப்பட்டதன் எண்ணிக்கை மட்டுமே, உண்மையான இழப்பு இன்னும் அதிகம் என்று சொல்லியே வெளியிட்டது.

ஒரு பகுதி நாடகம் என்று தெரிந்ததும் முழுவதையும் தூக்கி எறிவது இதன் எதிர்முனை. 1916-இல் பிரிட்டனில் கோடிக்கணக்கானோர் பார்த்த, முதல் உலகப்போரின் சோம் சண்டையைப் பற்றிய ஆவணப்படத்தில், பதுங்குகுழியிலிருந்து வீரர்கள் ஏறிப் பாயும் காட்சி களத்துக்குப் பின்னால் நடிக்கவைத்து எடுக்கப்பட்டது என்பதே ஆய்வாளர்கள் முடிவு. அதே படத்தில் ஜூலை 1 காலை ஹாத்தார்ன் முகட்டில் சுரங்கத்தில் புதைத்த வெடிமருந்து வெடித்து மண் எழும் காட்சி முற்றிலும் அசல்.

கருவியிடம் பொறுப்பை ஒப்படைப்பது

வாட்ஸ்அப், ஃபேஸ்புக் வழியாக வந்த கோப்பில் எடுத்த தேதியும் இடமும் பெரும்பாலும் அழிந்திருக்கும். அவை இல்லாதது சந்தேகத்துக்குக் காரணமல்ல. இருப்பதும் உறுதியல்ல, மாற்றலாம். ஏஐ கண்டறியும் தளங்கள் பலமுறை சுருக்கப்பட்ட காணொளியில் எளிதாகத் தடுமாறும்.

கடைசியாக ஒன்று, பலர் யோசிக்காதது: கொடூரமாக இருக்கிறது என்று உடனே புகாரளித்து நீக்கவைப்பது. 2017-இல் யூடியூபின் தானியங்கி முறை சிரியப் போரின் காணொளிகளை ஆயிரக்கணக்கில் நீக்கியது. அவற்றில் பல, மனித உரிமை மீறல்களை ஆவணப்படுத்துவோர் சேகரித்துக்கொண்டிருந்தவை. ஐநா மனித உரிமை அலுவலகமும் பெர்க்லி பல்கலைக்கழகமும் 2020-இல் வெளியிட்ட பெர்க்லி நெறிமுறை என்ற இணைய ஆதார விசாரணை வழிகாட்டி, பாதுகாத்தலுக்கு நிறைய இடம் ஒதுக்குகிறது. முக்கியமானது என்று தோன்றும் காணொளி கண்ணில் பட்டால், பகிராமல், முதலில் வெளியான பக்கத்தின் முகவரி, வெளியிட்ட கணக்கு, பார்த்த நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, கோப்பை வெட்டாமல், பெயர் மாற்றாமல் அப்படியே சேமியுங்கள். திரையைக் கைபேசியால் படமெடுத்தது பெரிதாக உதவாது.