மேடில்லாத ஊரிலிருந்து மலை மரதனுக்கு

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு எந்தப் பக்கம் பத்துக் கிலோமீற்றர் ஓடினாலும் ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் வராது. மதகு வரும், ரயில் கடவை வரும், அவ்வளவுதான். இந்தத் தரையில் நாலு வருடம் ஓடிப் பழகிய துணிவில், மலைநாட்டில் அப்புத்தளைப் பக்கம் ஒரு சின்ன ஊர்ச்சனம் சேர்ந்து நடத்திய மரதனுக்குப் பெயர் கொடுத்தேன். 31ஆவது கிலோமீற்றரில் இரண்டு தொடையும் கல்லாகிவிட்டன. மிச்சம் 11 கிலோமீற்றரையும் நடந்துதான் முடித்தேன். அடுத்த வருடம் திரும்பப் போனேன். அதே வீதியில் கடைசிவரை கால் என் சொல் கேட்டது. இரண்டுக்கும் இடையில் என்ன செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அரை மரதன் ஓடி முடிக்கக் கூடியவர்களுக்கு இது பயன்படும். 16 கிழமை கையில் இருக்க வேண்டும்.

முதலில் கணக்கைப் பாருங்கள். நான் கணிதம் படிப்பிப்பவள் என்பதால் சொல்லவில்லை. இந்தக் கணக்குத் தெரியாமல் போனதால்தான் முதல் முறை அடிபட்டேன். நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்து மலையேறி 1892இல் மலையில் நடப்பவர்களுக்கு ஒரு விதி சொன்னார். அதன்படி 100 மீற்றர் உயரம் ஏறுவது, சமதரையில் ஏறத்தாழ 800 மீற்றர் கூடுதலாகப் போவதற்குச் சமம். ஓடுகிறவர்களுக்கும் அது கிட்டத்தட்டப் பொருந்துகிறது. நான் ஓடிய பாதையில் மொத்த ஏற்றம் 900 மீற்றர். அப்படியென்றால் 42.195 கிலோமீற்றரோடு இன்னும் 7 கிலோமீற்றரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இங்கே 4 மணி 40 நிமிடத்தில் முடிப்பவர் அங்கே ஐந்தரை மணித்தியாலத்தை மனதில் வைத்துக்கொண்டு போக வேண்டும். பெயர் பதியும்போதே மொத்த ஏற்றம் எவ்வளவு என்று கேட்டு எழுதி வையுங்கள். சின்ன ஊர்ப் போட்டிகளில் அது துண்டுப்பிரசுரத்தில் இருக்காது. தொலைபேசியில் கேட்டால் யாராவது ஒரு தம்பி சொல்லுவார்.

ஏற்றத்துக்கு இங்கே என்ன செய்வது? காற்று இருக்கிறது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் காலத்தில் பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் ஓடிப் பாருங்கள். இரண்டு பக்கமும் கடல், மறைப்பு ஒன்றும் இல்லை, காற்று நெஞ்சிலே கை வைத்துத் தள்ளும். விடியப்புறத்தில் காற்றுக் குறைவு. அதனால் கிழமையில் ஒரு நாள் பின்னேரம் நாலரைக்கு மேல் போனேன். காற்றை எதிர்த்து நாலு நிமிடம் வேகமாக, பிறகு திரும்பிக் காற்றோடு இரண்டு நிமிடம் மெல்ல. இப்படி முதலில் நாலு தடவை, போகப் போக எட்டுத் தடவை. வடகிழக்கு வாடைக் காலம் என்றால் திசை மாறும். திரும்பி வரும் வழிதான் அப்போது உங்கள் மலை. மணிக்கூட்டைப் பார்த்து வேகத்தை அளக்க வேண்டாம். மூச்சைக் கேளுங்கள். நான் பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை வாய்க்குள் சொல்லிக்கொண்டு ஓடுவேன். "பதின்மூன்று ஏழு தொண்ணூற்றொன்று" என்று ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் அது நாள் முழுக்கத் தாங்கக்கூடிய வேகம். இடையில் மூச்சு அறுந்தால் மரதனுக்கு அது கூடுதல். இந்த அளவுகோல்தான் பிறகு மலையிலும் என்னைக் காப்பாற்றியது.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமைகளில் மணற்காட்டுக்குப் போனோம். வல்லிபுரக் கோவில் தாண்டிப் போனால் சவுக்கந்தோப்பும், மணலுக்குள் அரைவாசி புதைந்த பழைய அந்தோனியார் கோவிலும், அதைச் சுற்றி மணல் மேடுகளும் இருக்கின்றன. எங்கள் குடாநாட்டில் கால் வைத்து ஏறக்கூடியது அதுதான். வெறுங்காலோடு ஏறுங்கள், கெண்டைக்காலும் குதிக்கால் தசைநாணும் நன்றாக உரம் பிடிக்கும். ஆனால் பத்துத் தடவைக்கு மேல் வேண்டாம். மணலில் குதிக்கால் ஆழமாகப் புதைவதால் அந்தத் தசைநாண் மிதமிஞ்சி இழுபடும். என்னோடு வந்த தங்கச்சி ஒருத்தி முதல் நாளே இருபது தடவை ஏறிவிட்டு மூன்று கிழமை நொண்டினாள். இன்னொன்று: மணல் இறக்கத்துக்குப் பழக்கம் தராது. காலை மெத்தைபோல் வாங்கிக்கொள்ளும். மலை வீதி அப்படி வாங்காது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இறக்கம்தான். யாழ்ப்பாணத்திலிருந்து போகிற எல்லாரும் ஏற்றத்தை நினைத்துத்தான் பயப்படுகிறோம். ஏற்றத்தில் முட்டினால் நடக்கலாம், மூச்சு திரும்பும். இறக்கத்தில் கெட்ட தொடை அன்றைக்குத் திரும்பாது. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை இழுபட்டுக்கொண்டே உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. இழுபட்டபடி பிடிக்கிற அந்த வேலையில் தசைக்குள் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. ஓடும்போது தெரியாது. 25 கிலோமீற்றர் வரை இறக்கம் இனாமாகக் கிடைத்த வேகம்போல் இருக்கும், பிறகு மொத்தமாக வசூலிக்கும். ஆறுதல் என்னவென்றால், அளவாக ஒரு தடவை அந்த அடியை வாங்கிய தசை பிறகு பல கிழமைக்கு அதைத் தாங்கும். ஆகவே அடியை இங்கேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்க வேண்டும்.

எங்கள் விறாந்தைப் படி ஒன்பது அங்குலம். அதன் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலின் குதியை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியபடி மெல்ல நிலத்துக்கு இறக்குவேன். குதி நிலத்தைத் தொட வேண்டும், ஊன்றக் கூடாது. தொட்டதும் திரும்ப மேலே. நிற்கிற காலின் முழங்கால் உள்ளுக்குச் சரியாமல் இரண்டாம் விரலுக்கு நேரே நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சரிந்தால் பாரம் கூடிவிட்டது, எண்ணிக்கையைக் குறையுங்கள். காலுக்குப் பன்னிரண்டு, மூன்று சுற்று, கிழமையில் மூன்று நாள். காலையில் புட்டுப் பானை ஆவி வரும் நேரத்துக்குள் எனக்கு முடிந்துவிடும். ஒரு மாதம் போன பிறகு பாடசாலையின் மூன்று மாடிக் கட்டடத்துக்கு மாறினேன். பிள்ளைகள் போன பிறகு, நடந்து ஏறுவது, சின்னச் சின்ன அடியாக ஓடி இறங்குவது. முதலில் ஐந்து தடவை. முதல் நாளுக்கு அடுத்த நாள் தொடை உளையும். அந்த உளைவு முழுதாகப் போகும்வரை அடுத்த தடவை வேண்டாம். இருபது தடவைவரை கொண்டுபோங்கள். போட்டிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது இறக்க வேலையை முற்றாக நிறுத்திவிடுங்கள்.

எப்படி இறங்குவது என்பதை மலையில்தான் கற்றேன். முதல் வருடம் நான் நடந்துகொண்டிருந்தபோது, தேயிலைக் கொழுந்துச் சாக்கோடு ஒரு அம்மா எனக்கு முன்னால் குறுக்குப் பாதையால் இறங்கினா. அறுபது வயது இருக்கும். முழங்கால் எப்போதும் கொஞ்சம் மடிந்தபடி, அடி சின்னது, பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் நிலத்தில் படுகிறது, உடம்பு பின்னுக்குச் சாயவே இல்லை. நான் குதியை முன்னுக்கு எறிந்து ஒவ்வொரு அடியிலும் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தேன். அவ திரும்பிப் பார்த்து, "மெதுவா வாங்கம்மா, ஏத்தம் யாரையும் சாய்க்காது, எறக்கம்தான் சாய்க்கும்" என்றா. வாழ்நாள் முழுக்க அந்தச் சரிவில் பாரம் சுமந்த கால்கள் சொன்னது அது. அன்றையிலிருந்து அவவின் நடையைத்தான் ஓட்டமாக்கப் பார்க்கிறேன்: அடியைப் பாதியாக்கி, எண்ணிக்கையைக் கூட்டி, கண்ணை ஐந்து மீற்றர் முன்னால் வைத்து, கையைக் கொஞ்சம் அகட்டி.

சப்பாத்து அரை அளவு பெரிதாக இருக்கட்டும். இறக்கத்தில் பாதம் முன்னுக்கு வழுக்கிப் பெருவிரல் நகம் கறுக்கும். சப்பாத்தின் மேல் ஓரத்தில் கயிறு போடாமல் விட்ட ஒரு ஓட்டை இருக்கும். கயிற்றை அதே பக்கத்தில் அந்த ஓட்டைக்குள் விட்டு ஒரு வளையம் வரச் செய்து, எதிர்ப்பக்கக் கயிற்றை அந்த வளையத்துக்குள்ளால் எடுத்து இறுக்கிக் கட்டினால் குதி அசையாது. நகத்தை நாலு நாள் முன்பே வெட்டுங்கள்.

சாப்பாட்டுக்கு நான் பனங்கட்டிதான் கொண்டுபோனேன். பனையோலையில் பொதிந்த குட்டானை உடைத்து நெல்லிக்காய் அளவுத் துண்டாக்கி, துளி உப்புத் தடவி, எண்ணெய்க் கடதாசியில் சுற்றி, 40 நிமிடத்துக்கு ஒன்று. கடிக்காமல் கன்னத்துக்குள் ஒதுக்கிக் கரைய விட்டு, மேலே இரண்டு வாய் தண்ணீர். வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று நீண்ட ஓட்டங்களில் முதலே பார்த்துவிடுங்கள். எங்கள் வெயிலில் தாகம் தானே கேட்கும். அங்கே குளிரில் கேட்காது, ஆனால் வியர்வை போய்க்கொண்டுதான் இருக்கும். ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று குடியுங்கள். சில மேசைகளில் சீனி போட்ட இஞ்சிப் பிளேன்ரீ தருவார்கள்; அதை விடாதீர்கள்.

நீண்ட ஓட்டம் ஞாயிறு விடிய நாலரைக்கு, 18 கிலோமீற்றரில் தொடங்கி 32 வரை. பெண்பிள்ளைகள் தனியே இருட்டில் ஓடாமல் துணையோடு ஓடுங்கள். நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடவுங்கள். பெரும்பாலும் அதுவும் நின்றுவிடும். ஒழுங்கையில் தண்ணி அள்ளுகிற ஆச்சிமார் "எங்க பிள்ளை இந்த ஓட்டம்?" என்று கேட்பார்கள். நின்று பதில் சொல்லுங்கள். மூன்றாம் மாதம் அவர்களே விளக்கைப் போட்டு வைத்துக்கொண்டு பார்த்திருப்பார்கள்.

பயணத்தைக் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள். ஏ9 வீதியால் கண்டி வரைக்கும் போவதே ஒரு நாள் வேலை, அதன் பிறகு வளைவும் நெளிவும். இரண்டு இரவு முன்னரே போய்ச் சேருங்கள். 1,500 மீற்றர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைவு. சிலருக்கு மூச்சு கொஞ்சம் வித்தியாசமாக இருக்கலாம், பயப்பட வேண்டாம். முதல் நாள் ஒரு முச்சக்கரவண்டி பிடித்துப் பாதை முழுவதையும் பாருங்கள். எந்த வளைவுக்குப் பிறகு எவ்வளவு நீள ஏற்றம், எங்கே கொங்கிரீற்றில் பாசி, எந்தச் சந்தியில் திரும்புவது என்று ஒரு துண்டில் எழுதுங்கள். சின்னப் போட்டியில் ஆள் குறைவு. பாதி வழிக்குப் பிறகு முன்னாலும் பின்னாலும் ஒருவரும் தெரியாது. பனி மூடினால் அம்புக்குறியும் தெரியாது. வீதியும் மூடியிருக்காது, பஸ் வரும். காதில் பாட்டு வேண்டாம்.

ஓட்ட நாளில் முதல் பத்துக் கிலோமீற்றரை வாய்ப்பாடு அறாமல் ஓடுங்கள். செங்குத்தான இடத்தில் நடங்கள், தொடையில் கை ஊன்றிக்கொண்டு, அடி சின்னதாக. கொண்டை ஊசி வளைவில் உள் ஓரம்தான் மிகச் செங்குத்து. வாகனம் இல்லையென்று பார்த்து வெளி ஓரத்தால் போனால் தூரம் கொஞ்சம் கூடும், கால் தப்பும். கிளிநொச்சியிலிருந்து வந்த ஒரு தம்பி முதல் இறக்கத்தில் காற்றாய்ப் பறந்தான். 34இல் மதகுக் கட்டில் குந்தியிருந்தான். வவுனியாவிலிருந்து வந்த ஐம்பத்தெட்டு வயது அண்ணை ஒருவர் ஏற்றம் எல்லாம் நடந்து, இறக்கம் எல்லாம் மெல்ல ஓடி, என்னைக் கடைசி ஐந்து கிலோமீற்றரில் தாண்டிப் போனார். "பிள்ளை, இப்பதான் ஓட்டம் தொடங்குது" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் சொன்னது சரி. காலை மிச்சம் பிடித்தவர்களுக்கு 35க்குப் பிறகு நல்ல நேரம் இருக்கிறது.

கடைசி ஆள் வரும்வரை அந்த ஊர் கலையவில்லை. மேளத்தோடு காத்திருந்தார்கள். முடித்தவுடன் உடுப்பை மாற்றிக் குளிருக்குப் போர்த்துக்கொண்டு நீங்களும் நில்லுங்கள். தேநீரையும் ரொட்டியையும் அங்கேயே வாங்கிச் சாப்பிடுங்கள், பனங்கட்டிக் கடதாசியைத் தேயிலைக்குள் எறியாமல் பொக்கற்றில் கொண்டு வாருங்கள். ஈரப் புல்லில் இருந்திருந்தால் சப்பாத்தைக் கழற்றி அட்டை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். உப்புப் பொட்டலம் ஒன்று பையில் இருக்கட்டும்.

திரும்பும் பஸ்ஸில் ஓர இருக்கையில் இருந்து, நிற்கிற இடமெல்லாம் எழும்பி நடவுங்கள். தொடையை ஒருவரையும் அழுத்திப் பிடிக்க விடவேண்டாம். ஞாயிறு ஓடினால் உளைவு திங்கள் தொடங்கி செவ்வாய் உச்சத்துக்கு வரும். படி இறங்கும்போது கைபிடியைப் பிடித்துப் பின்பக்கமாக இறங்குங்கள், தொடைக்குப் பாரம் குறையும். செவ்வாய்க்கிழமை மூன்றாம் மாடியில் பாடம் இருக்கிற ஆசிரியராக இருந்தால், போவதற்கு முன்னரே கீழ் வகுப்பறை ஒன்றைக் கேட்டு வைத்துவிட்டு வெளிக்கிடுங்கள்.