பாலிஷுக்கு முன் கவிழ்த்துப் பாருங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பி வந்திருந்தார். துணிப்பைக்குள் கண்ணாடி மாதிரி மின்னும் ஒரு பழைய டீ பாட். "அண்ணா, பாலிஷ் போட்டே கொண்டாந்துட்டேன். யார் செஞ்சதுன்னு மட்டும் சொல்லுங்க." வாங்கிக் கவிழ்த்தேன். செய்தவரின் முத்திரை இருக்க வேண்டிய அடிப்பாகம் துடைத்த சிலேட்டு மாதிரி இருந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் நானும் அச்சு அசலாக இதையேதான் செய்தேன் என்பதால் திட்டவும் வாய் வரவில்லை.

இந்த மாதிரிச் சாமான்களின் அடியில் குத்தியிருக்கும் இ.பி.என்.எஸ். என்ற எழுத்துக்கு அர்த்தம் முழு வெள்ளி இல்லை, நம்மூரில் ஜெர்மன் சில்வர் என்று சொல்லும் உலோகத்தின் மேல் மின்சாரத்தால் ஏற்றிய வெள்ளி முலாம், அதாவது மின்முலாம் என்பதை எல்லோரும் சீக்கிரமே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அந்த அடி உலோகத்தில் செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். அதை விட்டுவிடுகிறேன். அதற்குப் பிறகும் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

முத்திரையைப் படிக்காமல் பட்டறைக்கு அனுப்புவது

கீழ்ப்பாக்கத்தில் ஒரு பங்களாவை இடிக்கும் முன் சாமான்களை விற்றார்கள். கறுத்துப்போன டீ பாட் ஒன்றை 2,200 ரூபாய்க்கு வாங்கினேன். அடியில், கறுப்புக்குள் ஒரு சின்னக் கொடி தெரிந்தது; கொடிக்குள் ஏதோ எழுத்து. வீட்டில் போய் நிதானமாகப் பார்த்திருக்கலாம். எனக்கு அவசரம். வழியிலேயே சவுகார்பேட்டையில் ஒரு முலாம் பட்டறையில் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் பளபளவென்று வந்தது. கொடியைக் காணோம்.

பட்டறைக்காரரைக் குறை சொல்ல முடியாது. புது முலாம் ஒழுங்காகப் பிடிக்க அடி உலோகம் மொழுமொழுவென்று இருக்க வேண்டும். அதனால் முதலில் தேய்த்து மெருகேற்றும் பஃபிங் சக்கரத்தில் பிடிப்பார்கள். முத்திரையோ பெரும்பாலும் முலாம் ஏற்றுவதற்கு முன்பே அடி உலோகத்தில் குத்தியது, ஆழம் கொஞ்சம்தான். சக்கரம் நாலு சுற்று சுற்றினால் ஓரம் மழுங்கும், எட்டு சுற்றில் எழுத்து போகும். மிச்சம் மீதியைப் புது முலாம் மூடிவிடும்.

இதில் எனக்கு இன்னும் ஆறாத விஷயம் ஒன்று. முத்திரையில் எழுத்தைவிட அதன் உருவம்தான் முக்கியம். கொடி என்றால் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு ஊரின் வாக்கர் அண்ட் ஹால் கம்பெனி. ஊதுகொம்பு என்றால் அதே ஊர் ஜேம்ஸ் டிக்சன். தராசு என்றால் பாரிஸின் கிறிஸ்டோஃப்ளே. மின்முலாமுக்கு 1840-இல் காப்புரிமை எடுத்த பர்மிங்காமின் எல்கிங்டன் கம்பெனி ஆண்டைக் குறிக்கவும் எழுத்து குத்தியது. எழுத்து வரிசை முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து தொடங்கும். அதே எழுத்து மறுபடி வரும்போது சுற்றியிருக்கும் கட்டத்தின் வடிவம்தான் எந்தச் சுற்று என்று காட்டிக்கொடுக்கும். பஃபிங்கில் எழுத்து தப்பிப் பிழைத்தாலும் கட்டம் பிழைக்காது. இருபது, முப்பது வருஷ வித்தியாசம் அங்கேயே தொலைந்தது.

காரைக்குடி வியாபாரி ஒருவர் என் டீ பாட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முத்திரை இருந்தா ஏழாயிரம் குடுப்பேன். இப்ப இது டீ போடத்தான்" என்றார். முலாம் கூலி 1,800 தனி.

படிக்கும் முறை சுலபம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றுங்கள். ஒரு சிட்டிகை விபூதியை முத்திரை மேல் தூவி, விரலால் லேசாக வழியுங்கள். அழுத்தித் தேய்க்கக் கூடாது. பள்ளத்தில் வெள்ளை நிற்கும். அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட பாத்திரத்தோடு படுக்கவைத்த மாதிரி பிடித்து, நாலு பக்கமிருந்தும் போனில் படம் எடுங்கள். ஒரு பக்கத்து வெளிச்சத்தில் தெரியாத கோடு அடுத்த பக்கத்தில் தெரியும். எடுத்த பிறகு பட்டறைக்குப் போவதானால் போங்கள். போகாமல் இருந்தால் எனக்குச் சந்தோஷம்.

புளி, செங்கல் பொடி

வேண்டாம்.

உரைகல்லை நம்புவது

கல் மேல்தோலைத்தான் சொல்லும். மேல்தோல் வெள்ளிதானே.

நம்பரைப் பார்த்ததும் கணக்குப் போடுவது

ஜெர்மனியில் செய்த முலாம் கரண்டிகளில் 90 என்று இருக்கும். தொண்ணூறு சதவீதம் வெள்ளி என்று எடைக்கு விலை பேசி வாங்கியவரை எனக்குத் தெரியும். பன்னிரண்டு கரண்டி, பன்னிரண்டு முள்கரண்டி, ஆக இருபத்துநாலுக்கும் சேர்த்து 90 கிராம் வெள்ளி செலவானது என்றுதான் அதற்கு அர்த்தம். ஒரு கரண்டிக்கு நாலு கிராம்கூட வராது. அதேபோல் '1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்' என்பது அமெரிக்க வியாபாரப் பெயர். 1847-இல் செய்தது என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள். இருபதாம் நூற்றாண்டிலும் அதையே குத்தினார்கள்.

கடைப் பெயரைச் செய்தவர் பெயர் என்று நினைப்பது

சென்னையில் இது அதிகம். அடியில் 'பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்' என்று பார்த்ததும் மவுண்ட் ரோட்டிலேயே செய்தது என்று குதிக்கிறார்கள். 1849-இல் தொடங்கிய அந்தக் கடை, சாமி உருவங்கள் பொறித்த அசல் வெள்ளிச் சாமான்களுக்குப் பேர்போனதுதான். ஆனால் முலாம் பூசிய டேபிள் சாமானில் ஊர்க் கடையின் பெயர் இருந்தால், பக்கத்திலேயே இங்கிலாந்து கம்பெனியின் சின்ன முத்திரை இருக்கிறதா என்று தேடுங்கள். செய்தவர் அங்கே, விற்றவர் இங்கே.

மூன்றாவதாகச் சொந்தக்காரர் பெயரும் இருக்கும், கிளப், ஹோட்டல், ரயில்வே என்று. அதைக் கீறல் என்று தேய்த்துவிடாதீர்கள். என்னிடம் ஒரு சூப் கரண்டி இருக்கிறது. செய்தவர் முத்திரை பாதி அழிந்துவிட்டது. காம்பின் முன்பக்கம் மட்டும் 'எம் அண்ட் எஸ்.எம்.' என்ற எழுத்து பிழைத்திருக்கிறது. மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே 1908-இல் உருவாகி, 1951-இல் தெற்கு ரயில்வேயில் கலந்தது. வயது கிடைத்துவிட்டது. காம்பின் ஓரத்தில் முலாம் தேய்ந்து அடி உலோகம் தெரிகிறது. அப்படியே வைத்திருக்கிறேன்.