பழைய கால்பந்து நடுக்கள மேதைகளின் ஆட்டத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் மாலைப் பயிற்சி முடிந்ததும் பையன்கள் டீக்கடையில் கூடினால், பிரான்சின் ஜிடான் பெரியவரா, ஸ்பெயினின் சாவி எர்னான்டஸ் பெரியவரா என்ற வழக்கு வாரத்துக்கு ஒரு முறையாவது எழுந்துவிடும். இரண்டு தரப்பும் கோப்பைகளை எண்ணும், கோல்களை எண்ணும், பிறகு குரலை உயர்த்தும். ஆனால் அந்த இருவரும் பந்தை எப்படி வாங்கினார்கள், எங்கே நின்று வாங்கினார்கள் என்று கேட்டால் இரண்டு தரப்பிலும் பதில் இருக்காது. "யார் பெரியவர்" என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, "பந்து தன்னிடம் வருவதற்கு முன்பும் வந்த பின்பும் இவர் என்ன செய்தார், அவர் என்ன செய்தார்" என்று கேட்டால், அதற்கு விடை காண ஒரு வழி இருக்கிறது. பல ஆண்டுகளாக நான் பின்பற்றிவரும் அந்த வழியை, புதிதாகத் தொடங்குபவர்களுக்கும் பயன்படும் வகையில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது, ஒரே வேலையைச் செய்த இருவரைத் தேர்ந்தெடுப்பது. நடுக்களம் என்பது ஒரே ஒரு வேலை அன்று. பின்வரிசைக்கு முன்னால் காவல் நின்று, பந்தைப் பறித்து, அருகில் இருப்பவருக்குக் கொடுத்துவிடும் பிரான்சின் மேக்கலேலேயின் வேலை வேறு. கீழே இறங்கி நின்று ஆட்டம் முழுவதையும் பகிர்ந்தளிக்கும் இத்தாலியின் பிர்லோவின் வேலை வேறு. இரண்டு பெனால்டிப் பகுதிகளுக்கும் இடையே ஓடி ஓடி உழைத்த அயர்லாந்தின் ராய் கீனும் ஜெர்மனியின் லோதர் மத்தேயஸும் ஒரு வகை என்றால், முன்வரிசைக்குப் பின்னால் நின்று கடைசி பாஸைக் கொடுத்த பிளாட்டினியும் ஜிடானும் இன்னொரு வகை. மேக்கலேலேயைப் பிளாட்டினியோடு வைத்துப் பேசினால் இருவரையுமே புரிந்துகொள்ள முடியாது. கீனையும் பேட்ரிக் வியெராவையும் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது பிளாட்டினியையும் ஜிடானையும் எடுத்துக்கொள்ளுங்கள். வேலை ஒன்றாக இருக்கும்போதுதான் அதைச் செய்யும் விதத்தில் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது, முழு ஆட்டத்தைப் பார்ப்பது. ஐந்து நிமிடத் தொகுப்புக் காணொளியில் கிடைப்பது ஒருவரின் மிகச் சிறந்த நொடிகள் மட்டுமே. அதில் எல்லா வீரர்களும் ஒரே மாதிரி மேதைகளாகத்தான் தெரிவார்கள். ஒருவருடைய ஆட்டப் பாணி அவருடைய சாதாரண நொடிகளில், அதாவது யாரும் கைதட்டாத நாற்பதாவது பாஸில், இருக்கிறது. பழைய உலகக் கோப்பை ஆட்டங்கள் பலவும் இப்போது முழுமையாகவே இணையத்தில் கிடைப்பதால், தேடும் பொறுமை மட்டுமே தேவை.

ஒரு தடை உண்டு: தொலைக்காட்சிக் கேமரா பந்தைத்தான் தொடரும், ஆளைத் தொடராது. ஆகவே திரையின் முன் உட்காருவதற்கு முன்னால் மைதானத்தில் கண்ணைப் பழக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாலையில் உள்ளூர் ஆட்டம் ஏதாவது நடக்கும்போது, நடுக்கோட்டுக்கு நேராகக் கேலரியின் மேல்படியில் உட்கார்ந்து, நடுக்களத்தில் ஆடும் ஒரு பையனை மட்டும் பதினைந்து நிமிடம் பாருங்கள். பந்து எங்கே போனாலும் கண் அவனை விட்டு விலகக் கூடாது. முதல் ஐந்து நிமிடம் கண் அடங்காமல் பந்தின் பின்னால் ஓடும், பிறகு படியும். பந்து எதிர்மூலையில் இருக்கும்போது அவன் நடக்கிறானா, நகர்ந்து இடம் தேடுகிறானா, தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறானா என்பதெல்லாம் அப்போது தெரியத் தொடங்கும். நான்கைந்து மாலைகள் இப்படிப் பழகியவருக்கு, திரையின் ஓரத்தில் ஒரு நொடி மட்டும் வந்துபோகும் சாவியின் தலையசைவுகூடத் தப்பாது.

இனி நோட்டுப் புத்தகம். ஒரு பக்கத்தில் மைதானத்தை வரைந்து, நீளவாக்கில் மூன்றாகவும் அகலவாக்கில் மூன்றாகவும் பிரித்தால் ஒன்பது கட்டங்கள் கிடைக்கும். நீங்கள் கவனிக்கும் வீரர் பந்தை வாங்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளிக்குப் பக்கத்தில், வாங்கும்போது அவர் முகம் எதிரணி கோலை நோக்கி இருந்ததா, சொந்த கோலை நோக்கி இருந்ததா, எத்தனை முறை தொட்டுப் பந்தை விட்டார், அது முன்னே போனதா, குறுக்கே போனதா, பின்னே போனதா என்று சுருக்கக் குறியீடுகளால் எழுதுங்கள். பாஸைக் கொடுத்த பின் அவர் நின்றாரா, நகர்ந்தாரா என்பதையும் தவறாமல் குறியுங்கள்; பாணியைப் பிரித்துக் காட்டுவதில் இதற்கு இணையான இன்னொன்றை நான் கண்டதில்லை. தொண்ணூறு நிமிடமும் இப்படி எழுத யாராலும் முடியாது. ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒரு கால் மணி, இடைவேளைக்குப் பின் ஒரு கால் மணி என்று இரண்டு துண்டுகள் போதும்.

இதை நடைமுறையில் காட்ட, பிர்லோவையும் சாவியையும் எடுத்துக்கொள்கிறேன். இருவரும் ஏறத்தாழ ஒரே வயதினர். பிர்லோ 1979 மே மாதமும், சாவி 1980 ஜனவரியிலும் பிறந்தவர்கள். 2012 ஐரோப்பியக் கோப்பையில் ஸ்பெயினும் இத்தாலியும் இரண்டு முறை மோதின: ஜூன் 10 அன்று க்டான்ஸ்க் நகரில் 1-1, ஜூலை 1 அன்று கீவ் நகரில் இறுதியாட்டத்தில் 4-0 என ஸ்பெயினுக்கு வெற்றி. இருவரையும் ஒரே புல்தரையில், ஒரே பந்தோடு, ஒரே இரவில் பார்க்கக் கிடைப்பது ஒப்பிடுபவருக்குப் பெரிய வாய்ப்பு. பலரும் இறுதியாட்டத்தைத்தான் எடுப்பார்கள். நான் முதல் ஆட்டத்தை எடுக்கச் சொல்வேன். இறுதியாட்டத்தில் இத்தாலி அப்போது அனுமதிக்கப்பட்ட மூன்று மாற்று வீரர்களையும் இறக்கிவிட்ட பிறகு தியாகோ மோட்டா காயமடைந்து வெளியேறியதால், ஏறத்தாழ கடைசி அரை மணி நேரம் பத்துப் பேருடன் ஆடியது. அந்த அரை மணியை வைத்துப் பிர்லோவை எடை போடுவது நியாயமாகாது.

க்டான்ஸ்க் ஆட்டத்தை நோட்டோடு பார்த்தால், பிர்லோவின் புள்ளிகள் பெரும்பாலும் சொந்தப் பாதியில் விழுவதையும், சாவியின் புள்ளிகள் நடுக்கோட்டைத் தாண்டி நெருக்கமாகக் குவிவதையும் காண்பீர்கள். பிர்லோ வாங்கும்போது முன்னே பார்த்து நிற்பார், ஒரு கணம் பொறுப்பார், தூரத்துக்கு அனுப்புவார், அனுப்பிய பின் பெரும்பாலும் அங்கேயே இருப்பார். மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்ப் பாசனத்தில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் தண்ணீர் போக வேண்டும் என்று பார்த்து மடையைத் திறந்து அடைப்பது அவர் வேலை. பிர்லோவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆள்தான் நினைவுக்கு வருகிறார். சாவியோ கொடுத்ததும் நகர்வார், நகர்ந்த இடத்தில் மறுபடி வாங்குவார், எதிராளி நெருங்கினால் பந்தோடு வட்டமாகத் திரும்பி வந்த வழியே வெளியேறுவார். பிர்லோவின் பாஸ் ஒரு தாக்குதலைத் தொடங்கிவைக்கும். சாவியின் பாஸ்கள் பத்துப் பதினைந்து சேர்ந்து ஒரு தாக்குதலாகும்.

ஆனால் நோட்டு உங்களைத் திருத்தவும் செய்யும். பிர்லோ ஓடமாட்டார், பந்தோடு ஆளைத் தாண்டமாட்டார் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். அதே ஆட்டத்தில் அவர் ஸ்பெயினின் நடுக்கள வீரர் புஸ்கெட்ஸைத் தாண்டி முன்னேறி, முன்வரிசை வீரர் டி நட்டாலேவுக்குப் பந்தைத் திறந்துவிட்டு கோலுக்கு வழி செய்தார். அதே போலச் சாவி குறுகிய பாஸ்காரர் மட்டுமே என்று நினைப்பவர்கள், இறுதியாட்டத்தின் 41-ஆவது நிமிடத்தைப் பார்க்க வேண்டும்: இடது பின்வரிசையிலிருந்து ஜோர்டி ஆல்பா பந்தைக் கொடுத்துவிட்டு ஓட, சாவி சில அடிகள் பந்தைக் கொண்டுபோய், அவர் ஓட்டத்தின் வேகம் குறையாதபடி இத்தாலியின் பின்வரிசையைப் பிளந்து அனுப்பினார். "எப்போதும் இப்படித்தான்" என்ற சொல்லை "பெரும்பாலும் இப்படி, சில வேளை இப்படி" என்று மாற்றிக்கொள்வதுதான் நேர்மையான ஒப்பீடு.

வீரரைப் பார்த்து முடித்ததும் அவருக்குப் பக்கத்தில் ஆடியவர்களையும் பாருங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிர்லோ இளமையில் முன்வரிசைக்குப் பின்னால் ஆடியவர். 2001-இல் இத்தாலியின் பிரெஷியா அணிக்கு வந்தபோது அந்த இடத்தில் ராபர்ட்டோ பாஜியோ இருந்ததால், பயிற்சியாளர் மட்சோனே அவரைக் கீழே இறக்கினார். பின்னர் மிலானில் ஆஞ்செலோட்டி அவரை அதே இடத்தில் நிலைநிறுத்தினார். அங்கே பிர்லோ பொறுமையாக நிற்க முடிந்ததற்கு, அருகில் சக நடுக்கள வீரர் கட்டூசோ ஓடிக்கொண்டிருந்தது ஒரு காரணம். பிர்லோவின் அமைதியில் பாதி கட்டூசோவின் வியர்வை என்றே நான் சொல்வேன். சாவிக்குப் பின்னால் புஸ்கெட்ஸும் பக்கத்தில் இனியெஸ்டாவும் இருந்தார்கள். ஒருவர் போன பிறகு அணிக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பதும் நல்ல அளவுகோல்: 2003-இல் ஸ்பெயின் லீக்கை வென்ற ரியால் மாட்ரிட் அதே கோடையில் மேக்கலேலேயை இங்கிலாந்தின் செல்சி அணிக்கு விற்றது, பெக்காம் வந்து சேர்ந்த அடுத்த பருவத்தில் நான்காம் இடத்துக்கு இறங்கியது. அதற்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோல் பட்டியலில் பெயரே வராத ஒருவரை எங்கே தேட வேண்டும் என்பதை அது காட்டுகிறது.

காலம் மாறும்போது கூடுதல் கவனம் வேண்டும். 1970 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பிரேசிலின் ஜெர்சன் இடது காலால் அனுப்பிய நீண்ட பாஸ்களைப் பார்த்துவிட்டு, பிர்லோவைவிட இவர் எவ்வளவோ மேல் என்று ஒரு மாணவன் என்னிடம் வாதிட்டான். ஜெர்சன் மகத்தான வீரர்தான்; அன்று 66-ஆவது நிமிடத்தில் கோலும் அடித்தார். ஆனால் ஆட்டம் நடந்தது கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில், மெக்சிகோ நகரில், நண்பகல் வெயிலில். யாரும் யாரையும் விரட்டிப் பிடித்துக்கொண்டிருக்க முடியாத சூழலில் ஜெர்சனுக்கு நிமிர்ந்து பார்க்க நேரம் கிடைத்தது. பிர்லோவுக்கு அந்த நேரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. விதிகளும் மாறியிருக்கின்றன. சக வீரர் காலால் தள்ளிவிடும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992-இல்தான் வந்தது. அதற்கு முன் நெருக்கடி வந்தால் கீப்பரிடம் தள்ளிவிட்டு மூச்சு வாங்கலாம். பின்னாலிருந்து காலை வாரும் டேக்கிள்களை நடுவர்கள் கடுமையாகத் தண்டிக்கத் தொடங்கியதும் 1990-களில்தான். ஆகவே 1960-களின் ஒருவரை 2000-களின் ஒருவரோடு வைக்கும்போது, எதிராளி எத்தனை அடி தூரத்தில் இருந்தார் என்பதையும் ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் எழுதுங்கள்.

ஒரே வீரர் எப்போதும் ஒரே வீரராக இருப்பதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. 1986 இறுதியாட்டத்தில் மரடோனாவைக் காவல் காத்த மத்தேயஸ், 1990 உலகக் கோப்பையில் தம் அணியின் முதல் ஆட்டத்தில் யூகோஸ்லாவியாவுக்கு எதிராகத் தாமே பந்தோடு பாய்ந்து இரண்டு கோல் அடித்தார். 1998-இல் பின்வரிசையில் ஆடினார். எந்த மத்தேயஸ் என்று சொல்லாமல் மத்தேயஸை ஒப்பிட முடியாது. 1966 இறுதியாட்டத்தையும் நான் பரிந்துரைப்பதில்லை. அதில் இங்கிலாந்தின் பாபி சார்ல்டனும் மேற்கு ஜெர்மனியின் இளம் பெக்கன்பவரும் ஒருவரையொருவர் காவல் காத்தே ஆட்டத்தைக் கழித்தார்கள். சார்ல்டனைப் பார்க்க விரும்பினால், போர்ச்சுகலுக்கு எதிராக அவர் இரண்டு கோல் அடித்த அரையிறுதியைப் பாருங்கள்.

எண்களைக் கடைசியில் எடுங்கள். பிரான்ஸ் அணிக்காகப் பிளாட்டினி 72 ஆட்டங்களில் 41 கோலும், ஜிடான் 108 ஆட்டங்களில் 31 கோலும் அடித்திருக்கிறார்கள். எண்ணிலிருந்து தொடங்குபவர் பிளாட்டினியே மேல் என்று அங்கேயே நிறுத்திவிடுவார். ஆட்டத்திலிருந்து தொடங்குபவருக்கு அந்த எண் ஒரு கேள்வியாகிறது: ஒரே வேலை என்று நாம் நினைத்த இடத்தில் இவ்வளவு வேறுபாடு ஏன்? 1984 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியை எடுத்து, மார்செய் நகரில் போர்ச்சுகலுக்கு எதிரான அந்த ஆட்டத்தின் 119-ஆவது நிமிடத்தைப் பாருங்கள். சக வீரர் டிகானா வலப்புறம் ஓடி பந்தை உள்ளே தள்ளும்போது, பிளாட்டினி முன்வரிசை வீரரைப் போலக் கோலுக்கு நேரே வந்து நிற்கிறார். பிறகு 2006 காலிறுதியில் பிரேசிலுக்கு எதிராக ஆடிய ஜிடானைப் பாருங்கள். நம் நேரப்படி நள்ளிரவு தாண்டித் தொடங்கிய அந்த ஆட்டத்தைத் தூங்கா நகரத்தில் பலர் விழித்திருந்து பார்த்தோம். 34 வயதில், பின்னால் மேக்கலேலேயும் வியெராவும் காவல் நிற்க, அவர் பந்தைக் காலடியில் வைத்து எதிராளிகளைத் தம்மிடம் இழுத்து, மற்றவர்களுக்கு இடம் திறந்துவிடுகிறார். அன்றைய ஒரே கோலும் அவருடைய ஃப்ரீ கிக்கிலிருந்து சக வீரர் ஆன்றி அடித்தது.

இவ்வளவும் செய்த பிறகு, ஒவ்வொரு வீரருக்கும் மூன்று வாக்கியங்கள் எழுதுங்கள்: எங்கே வாங்குகிறார், வாங்கி என்ன செய்கிறார், யார் இருந்ததால் அதைச் செய்ய முடிந்தது. அந்த மூன்றிலும் "சிறந்த" என்ற சொல் வந்தால் அடித்துவிட்டு, நீங்கள் கண்ணால் கண்ட ஒரு செயலை அந்த இடத்தில் எழுதுங்கள். தொடங்குவதற்கு இந்த ஞாயிற்றுக்கிழமை க்டான்ஸ்க் ஆட்டத்தின் முதல் கால் மணி நேரமே போதும். முதலில் பிர்லோவுக்கு ஒரு பக்கம், பிறகு அதே கால் மணியை மறுபடி ஓடவிட்டுச் சாவிக்கு ஒரு பக்கம்.